எதிர்க்கடை மாப்பிள்ளை

எங்கள் தெருவில் இரண்டு கிட்டார் கடைகள் எதிரும் புதிருமாக இருக்கின்றன. ஒன்று என் கண்ணாடிக் கடையை ஒட்டிய கடை. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரே சுவர். மற்றது தெருவுக்கு அந்தப் பக்கம், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால். நான் கிட்டார் வாசிப்பவள் இல்லை. பார்வை சோதிப்பதும் மூக்குக்கண்ணாடி போட்டுக் கொடுப்பதும்தான் என் தொழில். ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் நாள் முழுக்க ஒரே கம்பியைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தால் நமக்கும் கொஞ்சம் காது வந்துவிடும்.

அவரைத் தெரு முழுக்கக் கம்பி என்றுதான் சொல்வார்கள். ஒல்லியான உடம்பு, கையில் எந்நேரமும் கிட்டார் கம்பி. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. கடையை விட்டு ஒரு நாளும் கம்பி நீட்டாத கம்பி என்று நான் கேலி செய்வேன். காலையில் நான் வரும்போது அவர் கடை திறந்திருக்கும், மாலையில் நான் பூட்டும்போதும் திறந்திருக்கும்.

எதிர்க்கடைக்காரர் பெயர் மாப்பிள்ளை. அவர் கம்பியின் தங்கையைக் கட்டியவர். கம்பி அவரை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுத் தெருவும் கூப்பிட்டுப் பழகியது. பிறகு ஒரு நாள் கம்பி கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். தெரு நிறுத்தவில்லை. தபால்காரர்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, "மாப்பிள்ளை, பார்சல்" என்றுதான் குரல் கொடுப்பார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கம்பி தன் மேசையில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார்.

இருவரும் இளவயதில் ஒரே குழுவில் வாசித்தவர்கள். கம்பி முன்னால் நின்று விரல் வித்தை காட்டுவார். மாப்பிள்ளை பின்னால் நின்று, தடித்த கம்பிகள் போட்ட கிட்டாரில், பாட்டு இடம் மாறாமல் பிடித்துக்கொள்வார். குழு கலைந்த பிறகு இருவரும் சேர்ந்து என் பக்கத்துக் கடையைத் திறந்தார்கள். அப்போது அங்கிருந்து "மச்சான்", "மாப்பிள்ளை" என்ற இரண்டு வார்த்தைகளும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பிரிந்தது ஒரு பழைய கிட்டாரால். மனைவியை இழந்த ஒருவர், அவள் வாசித்த கிட்டாரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஈரம் ஏறி வயிறு உப்பி, கழுத்து விரிசல் விட்டிருந்தது. அன்றைக்குக் கம்பி மரம் வாங்க வெளியே போயிருந்தார். மாப்பிள்ளை பார்த்துவிட்டு, இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும், ஆனாலும் பழைய ஒலி வராது என்று உள்ளதைச் சொன்னார். புதிதாக ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தார். அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்து வாசித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதியதை வாங்கிக்கொண்டு போனார். பழையதை என்ன செய்வது என்று கேட்டதற்கு, இங்கேயே இருக்கட்டும், என்னால் பார்க்க முடியவில்லை என்றாராம். மாப்பிள்ளை அதைக் குப்பை வண்டிக்குப் போட்டுவிட்டார்.

கம்பி திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும், அது செத்துப்போச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். அந்த ஆளுக்கு இன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் வாசிக்க ஒன்று வேண்டியிருந்தது, அதைக் கொடுத்தேன் என்றார் மாப்பிள்ளை. இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது; அதனால்தான் சண்டை தீரவே இல்லை. மாப்பிள்ளை விலகி வேறு கடை தேடினார். தெருவில் காலியாக இருந்தது எதிரில் உள்ள அந்த ஒரே கடைதான்.

பிரிந்தது ஒரு வகையில் வாசிக்கிறவர்களுக்கு லாபம். இரண்டு கடையும் இரண்டு விதமாக நன்றாக வளர்ந்தன. கம்பியின் கடை நீளமாக, அரை இருட்டாக இருக்கும். பசை வாசமும் மரத்தூள் வாசமும் வாசலிலேயே நம்மைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே கைப்பிடி இல்லாத நான்கைந்து முக்காலிகள். யார் வேண்டுமானாலும் சுவரில் தொங்குவதை எடுத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கலாம். வாங்குவாயா மாட்டாயா என்ற பேச்சே கிடையாது. வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டால்தான் கஷ்டம். என்ன வாசிப்பாய், எங்கே உட்கார்ந்து வாசிப்பாய், ஜன்னல் பக்கமா, வெயில் படுமா என்று பெண் கொடுக்கிறவர் மாதிரி விசாரிப்பார். பதில் பிடிக்கவில்லை என்றால், இது உங்களுக்கு வேண்டாம் என்று திரும்பத் தொங்கவிட்டுவிடுவார்.

மாப்பிள்ளை கடையில் வெளிச்சம் அதிகம். கிட்டார்களை உயரத்தில் மாட்டாமல், உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்தியிருப்பார். ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தால் வாங்கித்தான் ஆக வேண்டுமோ என்று ஜனங்களுக்குக் கூச்சம் வரும் என்பார். கடைக்குப் பின்னால், சத்தம் வெளியே போகாதபடி துணி அடித்த ஒரு சின்ன அறை உண்டு. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தப்பும் தவறுமாக வாசித்துப் பார்க்கலாம். வாசிக்கத் தெரியாதவர்களை எதிரில் உட்காரவைத்து இவரே வாசித்துக் காட்டுவார். கேட்பவர் முகத்தைப் பார்ப்பாரே தவிர கிட்டாரைப் பார்க்க மாட்டார். எந்தக் கிட்டாருக்கு அந்த முகம் இளகுகிறதோ, அந்தக் கிட்டாரை அவர் மடிக்கு மாற்றிவிடுவார். பிறகு ஒரே வார்த்தைதான் சொல்வார்: "நல்லா இருக்கு." எல்லாவற்றுக்கும் அதே வார்த்தைதான்.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் அந்தத் தங்கை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். நாங்கள் டீச்சர் என்போம். பள்ளி விட்டுப் பேருந்தில் இறங்கியதும் முதலில் அண்ணன் கடைக்கு வந்து சற்று நேரம் உட்காருவாள், பிறகு தெருவைக் கடந்து புருஷன் கடைக்குப் போவாள். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் எதுவும் சொல்ல மாட்டாள். இரண்டு நாட்டுக்கும் தூதராக இருப்பதற்கு எனக்குச் சம்பளம் யாரும் தரவில்லையே அக்கா என்று என்னிடம் சிரிப்பாள். வீட்டில் மாப்பிள்ளை, மச்சான் சாப்பிட்டாரா என்று தினமும் கேட்பாராம். அதை மட்டும் அண்ணனிடம் சொல்லிவிடாதே என்பாராம்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கம்பி கண் சோதிக்க என்னிடம் வந்தார். கிட்டார் கழுத்தில் வரிசையாகப் பதித்திருக்கும் உலோகப் பட்டைகள் மங்கலாகத் தெரிகின்றன என்றார். உட்காரவைத்து விளக்கை அணைத்தேன். அவருக்குப் பின்னால் நின்று, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டேன். பதில் இல்லை. யோசிக்கிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். மறுபடி கேட்டேன். மறுபடியும் மௌனம். விளக்கைப் போட்டு முன்னால் வந்து அதையே கேட்டதும் உடனே, "ரெண்டாவதுதான் தெளிவு" என்றார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குச் சோதனை முழுவதையும் அவர் முகத்துக்கு நேராக நின்றே முடித்தேன். கடைசியில், காதையும் ஒரு முறை காட்டிக்கொள்ளலாமே என்று சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னேன். குளிர்காற்று பட்டது, சரியாகிவிடும் என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். உண்மையிலேயே நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டீச்சரிடம் சொல்லலாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதரின் கண்ணைச் சோதிக்கும்போது தெரிந்த விஷயத்தை அவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படி இருக்கும்போதுதான், கண்ணாடி வாங்க வந்த ஒரு தாதி, தோளில் தொங்கிய கிட்டார் பையைக் கழற்றி வைத்தபடி ஒரு விஷயம் சொன்னாள். பக்கத்துக் கடையில் பழுதுபார்த்து வாங்கிய கிட்டாராம். வீட்டில் போய் வாசித்தால் மெல்லிய கம்பியில் ஈ பறக்கிற மாதிரி ஒரு இரைச்சல். திரும்பக் கொண்டுவந்து காட்டினால், இவர் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்கிறார். அவர் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை, எனக்குத்தான் பிரமையோ என்று எதிர்க்கடைக்குப் போனேன். அங்கே இருப்பவர் வாங்கிப் பார்த்து, உள்ளே கொண்டுபோய், கொஞ்ச நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை என்றாள்.

"என்ன ஆச்சுன்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"புதுக் கம்பி போட்டா அப்படித்தான் இருக்குமாம். வேலை சுத்தமா செஞ்சிருக்காரு, அடுத்த தடவையும் அவர்கிட்டயே போங்கன்னு சொன்னார்."

அன்று மத்தியானம் என் கடையைச் சாத்திவிட்டுத் தெருவைக் கடந்தேன். மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்து ஒரு கிட்டாரைத் தோளில் மாட்டும் வாரைக் கோத்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. எத்தனை கிட்டார் இந்த மாதிரி வந்திருக்கிறது என்று கேட்டேன். அவர் வாரைக் கோத்து முடித்தார். பிறகு, கொஞ்ச நாளாகவே வருகிறது என்றார். முதலில் ஒன்று வந்தபோது மச்சானுக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைத்தாராம். இரண்டாவது வந்ததும் புரிந்துவிட்டதாம். வேலையில் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் முன்பைவிடச் சுத்தம். கம்பி எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ அதைவிட ஒரு மயிரிழை தாழ்ந்து, பட்டையில் உரசி இரைகிறது. அந்த இரைச்சல் காதில் விழுந்தால் அவர் விடுவாரா என்றார்.

கம்பிகள் வந்து உட்காரும் இடத்தில் வெள்ளையாக ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதன் அடியில் ஒரு மெல்லிய அட்டையைச் செருகினால் கம்பி அந்த மயிரிழை உயர்ந்துவிடும். மாப்பிள்ளை செய்தது அவ்வளவுதான். மச்சான் இழைத்த எதையும் நான் இழைக்கவில்லை, அட்டையை உருவினால் அவர் வேலை அப்படியே இருக்கும் என்று அவர் சொன்ன விதம், யாரோ தன்மேல் குற்றம் சாட்டியது போலவும் அதற்கு அவர் பதில் சொல்வது போலவும் இருந்தது.

"அவர்கிட்ட சொல்லலாமே. இல்லைன்னா டீச்சர்கிட்டயாவது சொல்லலாமே" என்றேன்.

"யார் சொல்றது? எதிரில் கடை போட்டவன் வந்து, உங்க காது போச்சுன்னு சொன்னா, அது எப்படிப் போய்ச் சேரும்? அவகிட்ட சொன்னா அவ நேரா அங்கதான் போய் நிப்பா. நான் சொல்லி அனுப்பினதாத்தான் ஆகும்."

நான் திரும்பி வந்தேன். எத்தனை காலம் மூடி வைக்க முடியும் என்று மட்டும் தோன்றியது.

ரொம்பக் காலம் முடியவில்லை. அந்தத் தாதியே கம்பிகளை மாற்றுவதற்காகக் கிட்டாரைப் பக்கத்துக் கடையில் கொடுத்திருக்கிறாள். கம்பி பழைய கம்பிகளைக் கழற்றியிருக்கிறார். வெள்ளைத் துண்டைத் தூக்கித் துடைக்கப் போனவர், அடியில் ஒரு அட்டை நறுக்கு ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார். அவர் ஆயுளில் அட்டை வைத்தவர் இல்லை. அட்டை வைக்கிறவன் பல்லுக்குப் பதில் பஞ்சு வைக்கிற மருத்துவன் என்பார். நறுக்கைத் திருப்பியதும் அதில் பாதி எழுத்துகள் தெரிந்தன. மாப்பிள்ளை தன் கடை விலாச அட்டையைத்தான் வெட்டிச் செருகியிருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் முக்காலி நகரும் சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். கம்பி அந்த நறுக்கை விரல் நுனியில் பிடித்தபடி தெருவில் இறங்கிக்கொண்டிருந்தார். பேருந்து ஒன்று ஒலி எழுப்பியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி நிறுத்தினார். எனக்கு உயிரே போய்விட்டது. நானும் பின்னால் ஓடினேன்.

எதிர்க்கடையில் டீச்சர் அப்போதுதான் வந்து கைப்பையை வைத்திருந்தாள். அண்ணன் அந்த வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

கம்பி சத்தம் போடவில்லை. நறுக்கை மேசைமேல் வைத்தார்.

"என் வேலையில கை வெச்சீங்களா?"

மாப்பிள்ளை எழுந்து நின்றார். அந்த நறுக்கைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

"எத்தனையில?"

"வந்ததுல எல்லாம்."

"என் ஆளுங்களை உங்க பக்கம் இழுக்க இது ஒரு வழியா?"

இதற்கு மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மச்சானின் முகத்தை நேராகப் பார்த்து, "தப்புதான் மச்சான்" என்றார். அந்த வார்த்தை கம்பியின் கோபத்துக்குப் பிடிமானம் இல்லாமல் செய்துவிட்டது. வாசல் பக்கம் திரும்பினார். ஒருகாலத்தில் நல்ல கை இருந்தது உங்களுக்கு, அட்டை வெட்டி வீணாக்கிவிட்டீர்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெருவைக் கடக்கும்போது நான் அவர் பக்கத்திலேயே நடந்தேன். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

நான் திரும்பப் போனபோது டீச்சர் புருஷனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் இரண்டு பேர் வீம்புக்கும் நடுவில் நடந்து கால் தேய்ந்தவள் அவள். கடைசியில் ஒரு கௌரவமாவது மிச்சம் இருந்தது, அதையும் கெடுத்தீர்களே என்றாள். மாப்பிள்ளை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். அவர் அப்போதும் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆகவே நான் சொன்னேன். கண் சோதனை அறையில் விளக்கு அணைந்திருந்தபோது நடந்ததையும், தாதி சொன்னதையும், மாப்பிள்ளை என்னிடம் சொன்னதையும், இப்போது பேருந்து ஒலிக்கு அவர் திரும்பாததையும் சொன்னேன்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சில விஷயங்கள் அவளுக்குள் இடம் மாறி அமர்வது முகத்தில் தெரிந்தது. சில மாதங்களாக அண்ணன் தன்னை எதிர் முக்காலியில்தான் உட்காரச் சொல்கிறார், பக்கத்தில் உட்கார்ந்தால் இடம் மாறச் சொல்கிறார், நான் அதை வயதான குணம் என்று நினைத்தேன் அக்கா என்றாள். பிறகு புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

அன்று அண்ணனும் தங்கையும் பேசியதை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். கம்பி வேலை மேசையில் அந்தக் கிட்டாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவள் எதிரில் போய், அவர் கண்ணுக்கு நேராகத் தன் முகம் இருக்கும்படி உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணே, உனக்குச் சரியாக் கேக்கலை. எவ்வளவு நாளா?"

அவர் முதலில் சிரித்து மழுப்பினாராம். அவள் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கவும், சிரிப்பு தானாக அடங்கியிருக்கிறது. பிறகு சொல்லத் தொடங்கியவர் நிறுத்தாமல் சொன்னாராம். முதலில் மெல்லிய கம்பியின் ஒலிதான் மங்கியது. கம்பி செய்கிறவர்கள் தரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைத்தார். வேறு கம்பெனிக்கு மாறினார். அதுவும் அப்படியே இருந்தது. கம்பி கொண்டுவருகிறவரிடம் சண்டை போட்டார், அவர் பாவம், நல்ல சரக்கைத்தான் கொடுத்திருக்கிறார். பிறகு ஒரு நாள் கடைக்குள் இருந்த பழைய கிட்டார், புதுக் கிட்டார் எல்லாமே ஒரே மாதிரி போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்டதும், குறை கம்பியில் இல்லை என்று புரிந்துவிட்டது. அதன் பிறகு சுருதி சேர்க்க முள் நகர்ந்து காட்டும் கருவியை நம்பினார். கிட்டாரின் விளிம்பைத் தாடையில் அழுத்திக்கொண்டு தட்டுவார். எலும்பு வழியாகக் கொஞ்சம் வரும். இரைச்சல் மட்டும் எதன் வழியாகவும் வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டிருக்கிறாள். சொன்னால் அதற்கப்புறம் நான் யார் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அக்கா என்றாள்.

எதிர்க்கடை மாப்பிள்ளை ஏன் அட்டை வைத்தார் என்பதையும் அன்றைக்கே சொல்லியிருக்கிறாள். கம்பி அதைக் கேட்டுவிட்டு, அந்தத் தாதியின் கிட்டாரில் வெள்ளைத் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சரியான உயரத்தில் புதிதாக ஒன்றை எலும்பில் இழைக்க ஆரம்பித்தாராம்.

காது மருத்துவரிடம் டீச்சர்தான் அழைத்துப் போனாள். போனது போனதுதான், இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டு காதுக்கும் கருவி கொடுத்தார்கள். கருவியோடு வந்தவரை நான் என் கடைக் கண்ணாடியில் பார்க்கவைத்தேன். மூக்குக்கண்ணாடியின் காதும் கருவியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதால் சட்டத்தை வளைத்துச் சரிசெய்து கொடுத்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆட்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது, கிட்டார்தான் தகர டப்பாவில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஆட்கள் வரும்போது மாட்டிக்கொள்வார். கிட்டாரை எடுக்கும்போது கழற்றி வைத்துவிடுவார்.

வேலையை நிறுத்திவிடுவாரோ என்று நாங்கள் பயந்தோம். ஒரு வாரம் கடை பாதி மூடியே இருந்தது. பிறகு ஒரு முற்பகலில், கையில் அந்தத் தாதியின் கிட்டாரோடு வாசலுக்கு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பேருந்து போகும் வரை பொறுத்து, நிதானமாகத் தெருவைக் கடந்தார். என் கடையில் கண்ணாடி வாங்க வந்த ஒருவர் இருந்தார். வில்லை பொருத்த வேண்டும், சற்று இருங்கள் என்று அவரை உட்காரவைத்துவிட்டு நானும் போனேன். இதற்காக என்மேல் யாரும் பழி சொல்ல முடியாது.

மாப்பிள்ளை கடையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். கம்பி யாரையும் பார்க்கவில்லை. கிட்டாரை நீட்டினார்.

"கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

மாப்பிள்ளை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முக்காலியை இழுத்து மச்சானுக்குப் போட்டார். தான் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொரு பட்டையாக மேலிருந்து கீழ் வரை வாசித்துக்கொண்டே போனார். இரைச்சல் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லா இருக்கு மச்சான்."

கம்பி தலையை ஆட்டினார். திருப்தியாகத் தெரியவில்லை.

"அது விக்கிறவன் வார்த்தை. நான் வாங்க வரலை. எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளை விழித்தார். அவர் வாழ்க்கையில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. மறுபடி கீழ்ச்சுருதி தரும் தடித்த கம்பியைத் தட்டி, அது அடங்கும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கடையில் இருந்தவர்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கீழ்க்கம்பி… காலி வீட்டுல கதவு சாத்தின மாதிரி இருக்கு. நல்ல கதவு. கனமான கதவு."

"சரி. மேல?"

"மேல் கம்பி ரொம்பச் சுத்தமா இருக்கு. கொஞ்சம் அதிகமாவே சுத்தம். ஸ்டீல் டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்ச மாதிரி."

"அப்போ எலும்பு இன்னும் கொஞ்சம் மழுங்கணும்" என்றார் கம்பி. அவர் முகத்தில் ஒரு ஆர்வம் வந்திருந்தது. "நடுவுல?"

"நடுவுல பிரச்சினை இல்லை. நீங்க பேசுற மாதிரி இருக்கு."

"அப்படின்னா மோசம்" என்றார் கம்பி, சிரிக்காமல்.

அங்கிருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். டீச்சர் அப்போது பள்ளியில் இருந்தாள். அவள் பார்த்திருக்க வேண்டிய காட்சி என்று எனக்கு மனம் அடித்துக்கொண்டது.

அவர்கள் கடையை ஒன்றாக்கவில்லை. குப்பை வண்டியில் போன அந்தக் கிட்டாரைப் பற்றி இன்றைக்கும் இருவருக்கும் இரண்டு கருத்துதான். ஆனால் கம்பி முடிக்கிற ஒவ்வொரு வேலையும் உரியவர் கைக்குப் போகும் முன் தெருவைக் கடக்கிறது. மாப்பிள்ளைக்கு இப்போது வார்த்தைப் பஞ்சம் இல்லை. ஒன்றை ஈரச் சாக்கு என்பார், ஒன்றைப் பல்லில் நூலைக் கடித்து இழுத்த மாதிரி என்பார். சில சமயம் கம்பி அதை ஒத்துக்கொள்ளாமல், என் கை அப்படிச் சொல்லவில்லையே என்று வாதம் செய்வார். கிட்டாரை வாங்கிக்கொள்ள வந்தவர்கள் அவசரம் இல்லாமல் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வாதத்தைக் கேட்பதற்காகவே வேலை இல்லாதபோதும் வந்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள்.

போன வாரம் ஒருவர், தான் வாங்கப்போகும் புதுக் கிட்டாரை மாப்பிள்ளை கடையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்க் கம்பியிடம் காட்டினார். கம்பி காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, விளிம்பைத் தாடையில் அழுத்தி, ஒரே ஒரு தட்டு தட்டினார்.

"மரம் இன்னும் தூங்குது. தினமும் வாசிங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.